எந்தச் சுவர் முதலில் எழுந்தது? ஊரின் மூத்த கட்டடத்தைத் தேடிய பதிவு

ஓர் ஊரில் மிகப் பழைய கட்டடம் எது என்று கேட்டால் ஒரு பதில் வராது, மூன்று நான்கு வரும். நான் இந்த வேலையைச் செய்த சிறிய ஊரிலும் அப்படித்தான். வழிபாட்டு மண்டபம்தான் என்றார்கள் சிலர், அதன் வாசலில் ஆண்டு வெட்டிய கல் இருக்கிறது. கடைத்தெருவில் உள்ள மாடிவீடு என்றார்கள் சிலர், அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இருக்கிறது. ஆற்றை ஒட்டிய தானியக் கிடங்கு என்றார்கள் வேறு சிலர். அதற்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை. ஆனால் பார்த்தாலே பழசு என்று தோன்றும். தடித்த சுவர், சின்ன ஜன்னல், குனிந்துதான் நுழைய வேண்டிய வாசல்.

கல், கதை, தோற்றம் மூன்றும் மூன்று விதமான சான்று. மூன்றையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியும். பெரிய கருவிகளோ ஆய்வகமோ இல்லாமலேயே நிறைய தூரம் போகலாம். எப்படிப் போனேன் என்பதை எழுதிவைக்கிறேன். வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவருக்கு உதவும்.

முதலில் கேள்வியைக் கெட்டிப்படுத்த வேண்டும். "பழைய கட்டடம்" என்றால் பழைய இடமா, பழைய அஸ்திவாரமா, பழைய சுவரா? ஜப்பானில் உள்ள இசே வழிபாட்டுத் தலத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டி முடித்தது 2013இல். அமைப்பாகப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது, மரமாகப் பார்த்தால் நேற்றையது. இரண்டு பதிலும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். நான் எடுத்துக்கொண்ட வரையறை இது: கூரையோடு இன்றும் பயன்பாட்டில் இருக்க வேண்டும், தரைக்கு மேலே உள்ள சுவரில் பெரும்பகுதி முதலில் கட்டிய சுவராகவே இருக்க வேண்டும். இடிபாடுகள் சேராது. பழைய அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய புதிய சுவரும் சேராது. இதைக் களத்தில் இறங்குவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்வது முக்கியம். பிறகு எழுதினால், மனசுக்குப் பிடித்த கட்டடத்துக்கு ஏற்ப வரையறை வளைந்துகொடுக்கும்.

அப்புறம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "இதற்கு முன் கட்டியிருக்க முடியாது" என்பதற்கான சான்று, வலப்பக்கம் "இதற்குப் பின் கட்டியிருக்க முடியாது" என்பதற்கான சான்று. முதலாவதைக் கீழெல்லை என்றும் இரண்டாவதை மேலெல்லை என்றும் வைத்துக்கொண்டேன். கட்டடம் பிறந்த காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம் வேலை இரண்டு எல்லைகளையும் முடிந்தவரை நெருக்கிக் கொண்டுவருவது. ஓர் இரும்பு உத்திரத்தில் டார்மன் லாங் என்ற நிறுவனத்தின் பெயர் புடைத்திருந்தால் அது 1875க்கு முந்தைய உத்திரமாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த நிறுவனமே அந்த ஆண்டில்தான் தொடங்கியது. இது கீழெல்லை. ஒரு வரைபடத்தில் கட்டடம் வரையப்பட்டிருந்தால், வரைந்த ஆண்டுக்குப் பின் அது தோன்றியிருக்க முடியாது. இது மேலெல்லை.

இந்த இரண்டையும் பிரித்து வைத்தவுடனேயே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். ஏனென்றால் ஊரில் பழமைக்குச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை இரண்டு பக்கத்திலும் உட்காராதவை. "சுவர் தடிமனாக இருக்கிறது" என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தடித்த சுவரை எந்தக் காலத்திலும் எழுப்பலாம்.

தாள்களைத் தேடியது

கட்டடத்துக்குப் போவதற்கு முன் காகிதங்களைப் பார்த்தேன். நில அளவை வரைபடம்தான் முதல் படி. பிரான்ஸில் நெப்போலியன் காலத்தில் 1807இலும், ஆஸ்திரியப் பேரரசில் 1817இலும் தொடங்கிய அளவைகளைப் போல, உலகின் பல பகுதிகளிலும் நிலத்தை அளந்தது வரி விதிப்பதற்காக. வரி என்று வந்துவிட்டால் கட்டடத்தின் மூலை முடுக்கைக்கூட கவனமாகத்தான் வரைவார்கள். கிடைத்த மிகப் பழைய வரைபடத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று கட்டடங்களும் அதில் இருந்தன. ஆனால் மாடிவீட்டின் வடிவம் இன்றைய வடிவம் இல்லை. இன்றைக்கு நீளமாகத் தெருவரை வந்து நிற்கும் வீடு, அதில் பின்பக்கம் ஒதுங்கிய சிறிய செவ்வகமாக இருந்தது. இதைத் தாளில் குறித்துக்கொண்டேன். வரைபடம் சொல்வது அந்த இடத்தில் ஒரு கட்டடம் இருந்தது என்பதைத்தான், இதே கட்டடம் இருந்தது என்பதை அல்ல. வடிவம் பொருந்தினால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

வரி ஏடுகள் இன்னொரு வழி. ஒரு மனைக்கான மதிப்பு திடீரென்று பல மடங்கு ஏறியிருந்தால், அந்தச் சமயத்தில் ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். புகைப்படங்களும் உதவும், ஆனால் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல் என்பதால் அதற்கு முந்தைய கேள்விகளுக்கு அவை பயன்படாது.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கொடுத்தவை பத்திரங்கள், அதிலும் பக்கத்து மனைகளின் பத்திரங்கள். ஒரு வீட்டின் சொந்தப் பத்திரம் பல சமயம் "வீடும் மனையும்" என்று ஒரே சொல்லில் தாண்டிப்போய்விடும். பக்கத்து மனையின் பத்திரம் எல்லை சொல்ல வேண்டியிருப்பதால் "இதற்குக் கிழக்கே இன்னாருடைய காலி நிலம்" என்றோ "இன்னாருடைய வீட்டுச் சுவர்" என்றோ எழுதும். எழுதியவருக்கு அந்தக் கட்டடத்தைப் பழசாக்கவோ புதுசாக்கவோ எந்தத் தேவையும் இல்லை. அதனால்தான் அந்தச் சாட்சியை நம்பலாம். ஒரு கட்டடத்தின் வயதைத் தேடுகிறவர் அதைச் சுற்றியுள்ள நான்கு மனைகளின் பத்திரங்களையும் கேட்டுப் பார்க்காமல் விடவே கூடாது.

களத்தில்

கொண்டுபோனவை அதிகம் இல்லை. அளவு நாடா, பலமான டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் பிடிக்கும் சிறிய கண்ணாடி, சாக்பீஸ், புகைப்படத்தில் அளவு தெரிய ஒரு சின்ன ஸ்கேல், முகக்கவசம். முகக்கவசத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதைத் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கக் கூடாது. கூரைக்கு மேலே பறவை, வௌவால் எச்சம் இருக்கும். உரிமையாளர் சொல்லாமல் எதையும் சுரண்டவோ தோண்டவோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டார்ச்சைப் பற்றி மட்டும் ஒரு விஷயம். சுவருக்கு நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பரப்பின் மேல் தவழ்ந்து போகும்படி அடிக்க வேண்டும். வெள்ளையடித்த சுவரில் பூசி மறைத்த ஜன்னல், அடைத்த வாசல், மாறிய செங்கல் வரி எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். சாயங்காலமாகப் போனால் சில சுவர்களில் சூரியனே இந்த வேலையைச் செய்துவிடும்.

மண்டபம். ஆண்டு வெட்டிய கல்லைத்தான் முதலில் பார்த்தேன். எழுத்தைப் படிப்பதற்கு முன் கல்லின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இந்தக் கல்லைச் சுற்றிச் செதுக்கிய கொடி வேலைப்பாடு வலப்பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. இருக்கிற இடத்துக்குப் பொருந்துவதற்காக யாரோ கல்லைக் குறைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள சுவரில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது, நடுநடுவே சரியாகக் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள். கல்லைப் பதித்திருப்பதோ சாம்பல் நிற சிமென்ட். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். ஆனால் இதை வைத்துச் சுவரின் வயதை முடிவு செய்ய முடியாது, பின்னால் வந்த பழுது வேலையாகவும் இருக்கலாம். சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது சுவர் எழுந்த பிறகு. ஆகவே கல்லில் உள்ள ஆண்டு கல்லினுடையது, சுவரினுடையது அல்ல.

(சிமென்ட்டா சுண்ணாம்பா என்று தெரிய வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. பழைய சிமென்ட்டும் நுரைக்கும். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நிறம், கடினம், சுண்ணாம்புக் கட்டி இவற்றைப் பார்ப்பதே மேல்.)

மேலே ஏறிப் பார்த்தால் கூரைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் வில் போன்ற அறுப்புத் தடங்கள். வட்ட ரம்பம் விட்டுப்போகும் தடம் அது. ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நின்று இழுக்கும் நீள ரம்பம் நேர்க்கோடாகத்தான் தடம் விடும், அதுவும் கை களைத்த இடங்களில் கோணம் மாறும், இடைவெளி மாறும். வட்ட ரம்பம் மரம் அறுக்குமிடங்களில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில். கூரை மாற்றப்பட்டிருக்கலாமே என்று சுவருக்கு வந்தேன். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் பக்கங்களில் கம்பியால் இழுத்து வெட்டிய மெல்லிய கோடுகள். இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் துண்டுபோட்ட செங்கல், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவத் தொடங்கியது. அது சுவரின் அடிவரையில் இருந்தது.

இதை மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா பழைய கணக்கு நோட்டைப் பார்த்துடலாமே" என்று பெட்டியைத் திறந்தார். அதில் பழைய மண்டபத்தைப் பிரித்த செலவும், புதுச் சுவருக்கான செங்கல் கணக்கும், அவற்றுக்குச் சில பக்கம் தள்ளி "பழைய கல்லைத் திரும்பப் பதித்த கூலி" என்று ஒரு வரியும் இருந்தன. அந்த இடத்தின் பழமையை இது சற்றும் குறைக்கவில்லை. கல் சொல்லும் ஆண்டில் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. இப்போது நிற்பது அதற்குப் பின் வந்தது.

கிடங்கு. பார்த்தாலே பழசு என்று ஊர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது, ஆனால் வேறு விதமான உண்மை. உள்ளே உத்திரங்களில் தச்சர்கள் கழுந்து, அதாவது இன்னொரு மரத்தின் சீவிய முனை, சொருகுவதற்காக வெட்டும் துளைகள் இருந்தன. ஆனால் அவற்றில் எதுவும் சொருகப்பட்டிருக்கவில்லை. மரத்தின் பக்கவாட்டில், எதையும் தாங்காத இடங்களில், வெறும் துளைகள். சேர்க்கும்போது குழம்பாமல் இருக்கத் தச்சர்கள் உளியால் வெட்டும் வரிசைக் குறிகளும் முன்பின்னாக இருந்தன. இந்த மரங்கள் வேறொரு கட்டடத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவை.

செங்கல்லும் அப்படியே. ஒரு மூலையில் சுவர் சற்று உடைந்து உட்புறம் தெரிந்தது. உடைவுக்குள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, சுவருக்குள்ளே புதைந்திருக்கும் செங்கல்லின் முகத்தில் வெள்ளையடித்த அடுக்கு. சுவருக்கு உள்ளே யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். அந்த முகம் ஒரு காலத்தில் வெளிச்சத்தில் இருந்திருக்கிறது.

பொருள் பழசு, கட்டடம் அவ்வளவு பழசல்ல என்பது உலகமெங்கும் வரும் சிக்கல். ஜப்பானில் ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோவிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணில், ஆண்டுக்கு ஒன்றாக வளரும் மர வளையங்களை அளந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த மரம் 594இல் வெட்டப்பட்டது என்று வந்தது. பழைய வரலாற்று ஏடோ அந்த வளாகம் 670இல் எரிந்துபோனது என்கிறது. அப்படியானால் தீக்குப் பிறகு எழுந்த கோபுரத்தில் அவ்வளவு பழைய மரம் எப்படி வந்தது என்ற விவாதம் அறிஞர்களிடையே உண்டு. மரம் வெட்டிய ஆண்டு வேறு, கட்டடம் எழுந்த ஆண்டு வேறு.

அதனால் ஒரு கட்டடத்துக்குக் கீழெல்லை தருவது அதிலுள்ள மிகப் பழைய பொருள் அல்ல, முதற்கட்டுமானத்தோடு சேர்ந்த மிக இளைய பொருள். கிடங்கின் வாசல் நிலையில் அந்த இளைய பொருள் கிடைத்தது. நிலையைச் சுவரோடு பிடித்திருந்த ஆணி, முதல் சாந்துக்குள்ளேயே புதைந்திருந்தது. அதன் எதிரெதிரான இரண்டு பக்கங்கள் கூம்பியும் மற்ற இரண்டும் இணையாகவும் இருந்தன. தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய ஆணியின் அடையாளம் இது. கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பும், தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். இயந்திரத்தில் வெட்டிய ஆணி 1790கள் முதல்தான் பரவியது. இன்று நாம் பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆகவே கிடங்கு 1790களுக்கும் அந்தப் பழைய வரைபடத்துக்கும் இடையில் எழுந்தது.

மாடிவீடு

இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்குத் தகுந்த பலனும் இருந்தது. முகப்பு அழகானது. தூண்கள், மரவேலை, பழைய கண்ணாடி போட்ட ஜன்னல்கள். வீட்டுக்கார அம்மா கண்ணாடியைக் காட்டி, "கீழ்ப்பக்கம் தடிச்சிருக்கு பாருங்க தம்பி, அத்தனை வருஷமா கண்ணாடி வழிஞ்சு இறங்கியிருக்கு" என்றார். இது பல இடங்களில் கேட்கும் பேச்சு. கண்ணாடி அப்படி வழிவதில்லை. ஊதி விரித்துக் கண்ணாடி செய்த காலத்தில் தகடு ஒரே தடிமனாக வராது. பொருத்தும்போது தடித்த பக்கம் எங்கேயும் வந்திருக்கலாம். நெளிவும் குமிழியும் இருந்தால் அது மிதவைக் கண்ணாடி, அதாவது உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமாக்கிய கண்ணாடி, அல்ல என்று சொல்லலாம். பில்கிங்டன் நிறுவனம் மிதவை முறையை அறிவித்தது 1959இல்.

முகப்பின் அகன்ற திறப்புக்கு மேலே இரும்பு உத்திரம். பெயின்ட்டுக்குக் கீழே புடைத்த எழுத்துகளை டார்ச்சைச் சாய்த்துப் படித்தேன். டார்மன் லாங். அந்த உத்திரம் முகப்புச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது, பின்னால் நுழைத்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே முகப்பு 1875க்குப் பின். இதோடு முடித்திருந்தால் மாடிவீடு போட்டியிலிருந்தே விலகியிருக்கும்.

ஆனால் வரைபடத்தில் இருந்த பின்பக்கச் செவ்வகம் மனதில் இருந்தது. வீட்டை முழுவதும் அளந்து தளவரைபடம் வரைந்தேன். சுவர்களின் தடிமனையும் சேர்த்து அளப்பது இந்த வேலையின் உயிர். பலர் அறையின் உள்ளளவை மட்டும் எடுத்துவிட்டுச் சுவரை ஒற்றைக் கோடாக வரைந்துவிடுவார்கள். இந்த வீட்டில் உள்சுவர்கள் எல்லாம் 35 செ.மீ. அளவில் இருக்க, நடுவில் ஓடும் ஒரு சுவர் மட்டும் 58 செ.மீ. வீட்டுக்கு நடுவே யாரும் காரணமில்லாமல் அவ்வளவு தடித்த சுவர் எழுப்ப மாட்டார்கள். அது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சுவர் முன்பகுதிச் சுவரைச் சந்திக்கும் மூலையில் ஒரு மர அலமாரி நின்றது. அதை நகர்த்த வீட்டார் சம்மதித்தார்கள். என்னோடு வந்திருந்த மேஸ்திரி குனிந்து பார்த்தவுடனே சொன்னார்: "ரெண்டும் ஒரே சமயத்துல கட்டினது இல்லை சார். பல் விடவே இல்லை, பாருங்க." ஒரே காலத்தில் இரண்டு சுவர்கள் மூலையில் சந்தித்தால், ஒன்றின் செங்கல் மற்றதற்குள் மாறி மாறிப் புகுந்து பின்னிக்கொள்ளும். இங்கே மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு. முன்பகுதிச் சுவர் வந்து நடுச்சுவரின் மேல் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்து நிற்பது இளையது, சாய இடம் கொடுத்தது மூத்தது.

அதைவிட முக்கியமானது அந்தக் கோட்டுக்குள் தெரிந்தது. உரிமையாளரின் அனுமதியோடு, விழத் தயாராக இருந்த பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்தோம். நடுச்சுவரின் பழைய பூச்சு, முன்பகுதிச் சுவருக்குப் பின்னாலும் தொடர்ந்து போனது. அந்தப் பூச்சின் மேற்பரப்பு மழையும் வெயிலும் பட்டு அரித்திருந்தது. மணல் துகள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மென்மையான சுண்ணாம்பு கரைந்துபோயிருந்தது. வீட்டுக்குள் இருந்த பூச்சு இப்படி ஆகாது. முன்பகுதி வருவதற்கு முன் அந்தச் சுவர் நெடுங்காலம் திறந்த வெளியில் நின்றிருக்கிறது.

சுண்ணாம்பு அடுக்குகளும் இதையே சொன்னன. வெள்ளையடித்த சில்லு ஒன்றின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். முன்பகுதியில் சுவரை ஒட்டிய முதல் அடுக்கு ஒரு வெளிர் நீலம். பின்னறையின் உட்பக்கச் சில்லில் அதே நீலத்துக்குக் கீழே இன்னும் பல வெள்ளை அடுக்குகள். முன்பகுதி தன் முதல் வண்ணத்தைப் பூசிக்கொண்டபோது பின்னறை ஏற்கெனவே பலமுறை வெள்ளையடிக்கப்பட்டிருந்தது.

மாடியில் சாய்வாக டார்ச் அடித்தபோது பின்பகுதிச் சுவரில் இன்னொன்று. செங்கல்லின் அளவு ஒரு சாய்கோட்டில் மாறியது. கீழே மெலிந்து அகன்ற செங்கல், மேலே தடித்த சிறிய செங்கல். இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் சந்திக்கும் அந்தக் கோடு, பழைய ஓட்டுக் கூரையின் முக்கோணம். முதலில் மாடியில்லாத, இரண்டே அறை கொண்ட வீடு. பிற்பாடு சுவரை உயர்த்தி மாடி கட்டி, முன்னால் நீட்டியிருக்கிறார்கள்.

பின்னறைகளில் நிலைக்கதவின் ஆணிகள் கொல்லர் அடித்தவை, உத்திரங்களில் கை ரம்பத் தடம். இதைப் பார்த்தவுடன் "1790களுக்கு முந்தையது" என்று எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: புதிய முறை இருந்தால் கட்டடம் அதற்கு முன் எழுந்திருக்க முடியாது என்பது உறுதி. பழைய முறை இருப்பதால் கட்டடம் பழையது என்பது உறுதி அல்ல. கொல்லர்கள் இயந்திர ஆணி வந்த பிறகும் ஆணி அடித்தார்கள், கை ரம்பம் இழுப்பவர்கள் வட்ட ரம்பம் வந்த பிறகும் இழுத்தார்கள். பழைய தடங்கள் நிறைய சேர்ந்து வந்தால் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

ஆக, பின்னறைகள் 1875க்குப் பிந்தைய முகப்பைவிட மூத்தவை என்பது உறுதி. கிடங்கைவிட மூத்தவையா? கட்டடங்கள் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன, ஒன்றன் மேல் ஒன்று சாயவில்லை. இங்கே மறுபடியும் பத்திரங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கிடங்கு நிற்கும் மனையின் பக்கத்து மனைப் பத்திரம் ஒன்று, அந்த இடத்தைக் காலி நிலம் என்று சொன்னது. மாடிவீட்டு மனையின் பக்கத்து மனைப் பத்திரம் ஒன்று, அதற்கும் முந்தைய தேதியில், அங்கே ஒரு வீடு இருப்பதைச் சொன்னதோடு அதன் அளவையும் சொன்னது: நீளம் 24 முழம், அகலம் 14 முழம். ஆனால் அந்த முழம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? முழம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். ஒரு கணக்கு இருக்கிறது. அலகு எதுவாக இருந்தாலும் நீளத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண் மாறாது. 24ஐ 14ஆல் வகுத்தால் 1.71. பின்னறைகள் இரண்டையும் சேர்த்த வெளியளவு 11 மீட்டருக்கு 6.4 மீட்டர், வகுத்தால் 1.72. முன்பகுதியையும் சேர்த்து வகுத்தால் இதற்குப் பக்கத்திலேயே வராது. அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 11 மீட்டரை 24ஆல் வகுத்தால் ஒரு முழம் சுமார் 46 செ.மீ. முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்துக்கு இது பொருத்தமான அளவு. விகிதமும் பொருந்தி, அலகும் நம்பத்தக்கதாக வந்தபோது, பத்திரத்தில் உள்ள வீடும் இந்தப் பின்னறைகளும் ஒன்றே என்று எழுதத் துணிந்தேன்.

ஆய்வகச் சோதனை பற்றி

மர வளையம், கதிரியக்கக் கார்பன் என்று ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். மர வளைய முறை அருமையானது. ஏ. இ. டக்ளஸ் 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற இடத்தில் கிடைத்த கருகிய ஒரு மரத்துண்டை வைத்து, வளையங்களின் வரிசையில் இருந்த இடைவெளியை இணைத்த பிறகு, தென்மேற்கு அமெரிக்காவின் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு ஆண்டுக் கணக்கில் வயது சொல்ல முடிந்தது. மாசசூசெட்ஸில் டெடம் ஊரில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் வீடு 1637க்கும் 1641க்கும் இடையில் கட்டப்பட்டது என்று உறுதிப்பட்டதும் இந்த முறையால்தான். இங்கிலாந்தின் கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயத்தை ஒரு காலத்தில் 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார்கள், மர வளையம் அதை 11ஆம் நூற்றாண்டுக்கு இறக்கியது. ஆனால் இதற்கு அந்த வட்டாரத்தின் அதே மர வகைக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் வளைய வரிசை முன்பே தயாராக இருக்க வேண்டும், துண்டில் போதுமான வளையங்கள் இருக்க வேண்டும், பட்டையை ஒட்டிய கடைசி வளையம் பிழைத்திருக்க வேண்டும். பட்டைப் பக்கத்தைச் செதுக்கி எறிந்துவிட்ட உத்திரத்தில் கடைசி வளையம் எத்தனை ஆண்டு தள்ளி இருந்தது என்பது தெரியாது.

கார்பன் முறைக்கு வேறு சிக்கல். சுமார் 1650 முதல் 1950 வரையான காலத்தில் அளந்ததை ஆண்டாக மாற்ற உதவும் அதன் திருத்த வளைகோடு ஏறி இறங்கிக் கிடப்பதால், ஒரே அளவுக்குப் பல காலங்கள் விடையாக வரும். ஆயிரக்கணக்கான ஆண்டு பழமைக்கு அது சிறந்தது. இருநூறு முந்நூறு ஆண்டு வீட்டுக்குப் பணம் செலவழித்து, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைவிட அகன்ற விடையை வாங்க வேண்டியிருக்கும். செங்கல்லின் வெப்ப ஒளிர்வு சோதனை அது கடைசியாகச் சூளையில் சுடப்பட்டது எப்போது என்று சொல்லும். கிடங்கைப் போல வந்தேறிச் செங்கல் உள்ள இடத்தில் அதுவும் வேறு கட்டடத்தின் வயதையே தரும்.

முடிவை ஊருக்குக் கொடுத்தபோது ஒற்றைப் பெயராகக் கொடுக்கவில்லை. மக்கள் தொடர்ந்து கூடிவரும் இடங்களில் மூத்தது மண்டபம் நிற்கும் இடம். கூரையோடு நிற்கும் சுவர்களில் மூத்தவை, கிடைத்த சான்றுகளின்படி, மாடிவீட்டின் பின்னறைகள். மூத்த கட்டுமானப் பொருள்களில் சில கிடங்குக்குள் இருக்கலாம். மாடிவீட்டு அம்மா அந்த அலமாரியை மூலைக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. சுவர்கள் சந்திக்கும் இடத்தைப் பூசாமல் விடச் சொல்லிவிட்டார். மேஸ்திரி அதன் ஓரங்களை மட்டும் சுண்ணாம்புச் சாந்தால் அணைத்துக் கொடுத்தார். சிமென்ட் வைத்தால் ஈரம் உள்ளே தங்கிப் பழைய செங்கல்லை அரித்துவிடும்.

இப்போது கிடங்கு உத்திரங்களின் வெற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்துகொண்டிருக்கிறேன். துளைகளுக்கு இடையேயான தூரத்தையும் தச்சர் குறிகளின் வரிசையையும் சேர்த்து வைத்தால், அந்த மரங்கள் முதலில் தாங்கிய கூரையின் அகலம் கிடைத்துவிடும். மண்டபத்துக் கணக்கு நோட்டில் பழைய மண்டபத்தைப் பிரித்தபோது விற்ற மரங்களின் நீளம் எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.